சூழலியல் மண்டல வரைபடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீர்வளம், வனம், மண்வளம் என்று எந்தத் துறையினரோடு பேசினாலும் இந்த வரைபடங்களைப் பற்றித் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். முதலில் அடிப்படை, போகப் போகச் சிக்கலானவை.

சூழலியல் மண்டலம்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

பாறை, நில அமைப்பு, மண், தட்பவெப்பம், தாவரங்கள், நீர், விலங்குகள், மனிதர்கள் நிலத்தைப் பயன்படுத்தும் விதம் ஆகிய எல்லாம் சேர்ந்து ஓரளவு ஒரே மாதிரி இருக்கும் ஒரு நிலப்பரப்பு. அதற்குள் எல்லா இடமும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. ஆனால் அதற்குள் காணும் வேறுபாட்டைவிட, பக்கத்து மண்டலத்தோடு உள்ள வேறுபாடு பெரிது.

இதில் "எல்லாம் சேர்ந்து" என்பது முக்கியம். மழை அளவை மட்டும் வைத்துப் போட்டால் அது மழை வரைபடம். மண்ணை மட்டும் வைத்துப் போட்டால் மண் வரைபடம். இவை ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி வரும் இடங்களைத் தேடுவதுதான் சூழலியல் மண்டல வரைபடம்.

மாவட்டம், மாநிலம்னு ஏற்கெனவே எல்லை இருக்கே. அதை வச்சே நிர்வாகம் பண்ணினா என்ன குறை?

வரி வசூலிக்கவும் தேர்தல் நடத்தவும் அந்த எல்லைகள் சரி. ஆனால் ஓர் ஓடையில் எவ்வளவு ஊட்டச்சத்து கலந்திருப்பது இயல்பு, ஒரு சரிவில் எந்த மரம் பிழைக்கும், எவ்வளவு மண் அரிப்பு தாங்கும் என்ற கேள்விகளுக்கு மாவட்ட எல்லையிடம் பதில் இல்லை. ஒரே மாவட்டத்துக்குள் பாறை மலையும் வண்டல் சமவெளியும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே அளவுகோலை வைத்தால், ஒன்றிடம் நடக்காததை எதிர்பார்ப்போம். இன்னொன்றிடம் கெட்டுப்போனதைக்கூட "பரவாயில்லை" என்று விட்டுவிடுவோம். இரண்டாவது தவறுதான் அதிக ஆபத்து, ஏனென்றால் அது யார் கண்ணிலும் படாது.

சரி, இதனால் நடைமுறையில் என்ன மாறுது? ஓர் உதாரணம் காட்டுங்க.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் நல்ல உதாரணம். ஆயிரக்கணக்கில் ஏரிகள் உள்ள மாநிலம் அது. வடகிழக்கில் ஊசியிலைக் காடுகள், பயிர் செய்ய அவ்வளவாக உதவாத மண், ஆழமான தெளிந்த ஏரிகள். தெற்கிலும் தென்மேற்கிலும் செழிப்பான கரிய மண், மைல் கணக்கில் மக்காச்சோள வயல்கள், ஆழம் குறைந்த ஏரிகள். ஏரி நீரில் பாஸ்பரஸ் கூடினால் பாசி பெருகும், நீர் கலங்கும். கேள்வி என்னவென்றால், எவ்வளவு இருந்தால் "கூடுதல்" என்று சொல்வது?

2008இல் அந்த மாநிலம் இதற்கான தரத்தை மண்டல வாரியாக வகுத்தது. வடக்கின் காட்டு மண்டல ஏரிகளில் கோடைக்கால சராசரி பாஸ்பரஸ் ஒரு லிட்டருக்கு 30 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. நடுவே உள்ள கலப்புக் காட்டு மண்டலத்தில் ஆழமான ஏரிக்கு 40, ஆழமற்றதற்கு 60. தெற்கின் மக்காச்சோள மண்டலத்தில் அதுவே 65, 90. நீரின் தெளிவுக்கும் இப்படித்தான். கறுப்பும் வெள்ளையும் பூசிய 20 சென்டிமீட்டர் வட்டத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்குவார்கள். அது கண்ணில் இருந்து மறையும் ஆழம்தான் அளவு. வடக்கில் அந்தத் தட்டு 2 மீட்டர் ஆழத்துக்காவது தெரிய வேண்டும். தெற்கின் ஆழமற்ற ஏரியில் 0.7 மீட்டர் தெரிந்தால் போதும்.

மாநிலம் முழுவதற்கும் 60 என்று ஒரே எண்ணை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வடக்கின் தெளிந்த ஏரியில் பாஸ்பரஸ் இரண்டு மடங்கு கூடி அது கெட்டுப்போன பிறகும் "தரத்துக்குள் இருக்கிறது" என்று கோப்பு மூடப்பட்டிருக்கும்.

அப்போ மோசமான பகுதிக்குச் சலுகை கொடுத்த மாதிரி ஆகாதா?

நியாயமான கேள்வி. எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முறையில்தான் இதற்குப் பதில் இருக்கிறது. மண்டலத்தின் இன்றைய சராசரியைத் தரமாக வைப்பதில்லை. அந்த மண்டலத்துக்குள் மனிதத் தலையீடு மிகக் குறைவாக உள்ள ஓடைகளையும் ஏரிகளையும் முதலில் தேடுகிறார்கள். இவற்றை ஒப்பீட்டு இடங்கள் எனலாம். ஊட்டச்சத்து அளவுகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தந்த வழிகாட்டுதலில் ஒரு முறை இது: ஒப்பீட்டு இடங்களைக் குறைந்த அளவில் இருந்து கூடிய அளவு வரை வரிசைப்படுத்தி, முக்கால்வாசி இடங்கள் எந்த அளவுக்குள் அடங்குகின்றனவோ அதை எல்லையாகக் கொள்வது. அப்படிப்பட்ட இடங்களே போதுமான அளவு கிடைக்காவிட்டால், எல்லா இடங்களையும் வரிசைப்படுத்தி அவற்றில் நல்ல கால் பங்கு நிற்கும் அளவை எடுப்பது இன்னொரு முறை.

ஆனாலும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. மண்டலம் முழுக்க உழவும் ஊருமாக மாறிப்போயிருந்தால், "மிகக் குறைவாகப் பாதிக்கப்பட்ட" இடமும் நன்றாகப் பாதிக்கப்பட்டதாகவே இருக்கும். அங்கே ஒப்பீட்டு இடத்தை மட்டும் நம்பக் கூடாது. ஏரியின் அடிவண்டலைத் துளைத்து எடுத்து, அதில் படிந்துள்ள டயாட்டம் என்ற நுண்பாசிகளின் ஓடுகளைப் பார்த்தால், நூறு இருநூறு ஆண்டுகளுக்கு முன் நீர் எப்படி இருந்தது என்று கணிக்கலாம். பழைய நில அளவைக் குறிப்புகளும் உதவும். இந்த வேலையைச் செய்யாமல் எண்ணை மட்டும் தளர்த்தினால், நீங்கள் சொன்னது போல அது சலுகையேதான். அதை நான் ஏற்கமாட்டேன்.

எல்லைக் கோட்டை எதை வச்சுப் போடுறாங்க?

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் புவியியலாளர் ஜேம்ஸ் ஓமர்னிக் 1987இல் அமெரிக்காவின் தொடர் நிலப்பரப்புக்கு (அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக) வெளியிட்ட வரைபடத்தில் 76 மண்டலங்கள் இருந்தன. அதற்கு அவர் முக்கியமாக எடுத்துக்கொண்டவை நான்கு வரைபடங்கள்: நிலப் பயன்பாடு, நிலத் தோற்றம், இயல்பாக வளரக்கூடிய தாவரம், மண். நான்கையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், சில இடங்களில் நான்கு கோடுகளும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் மாறும். அங்கே எல்லை போடுவதில் சிரமம் இல்லை.

மற்ற இடங்களில்தான் வேலை. செங்குத்துச் சரிவு ஒன்றின் அடியில் நிலத் தோற்றம் சட்டென மாறும். மண்ணோ சில கிலோமீட்டர் தள்ளித்தான் மாறும், சரிவில் இருந்து உருண்டு வந்த கல்லும் மண்ணும் அடிவாரத்தில் பரவிக் கிடக்கும் என்பதால். தாவரம் இன்னும் தள்ளி மாறும். எந்தக் கோட்டைப் பின்பற்றுவது? அந்த இடத்தில் மற்றவற்றை ஆட்டி வைப்பது எது என்று கேட்க வேண்டும். வறண்ட மலைப்பகுதியில் பெரும்பாலும் உயரம், சமவெளியில் பெரும்பாலும் மண், சுண்ணாம்புப் பாறை உள்ள இடத்தில் பாறையே. ஒரே வரைபடத்தின் இரு ஓரங்களில் இரு வேறு காரணிகள் தீர்மானிக்கலாம். இது குழப்பம் போலத் தெரியும். ஆனால் இயற்கை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

நிஜத்தில் அங்கே ஒரு கோடு இருக்கா? போய்ப் பார்த்தா தெரியுமா?

சில இடங்களில் தெரியும். டெக்சாஸில் எட்வர்ட்ஸ் பீடபூமி முடியும் விளிம்பில் சுண்ணாம்புக்கல் குன்றும் மரங்களும் முடிந்து, கரிய மண் சமவெளி தொடங்கும். காரில் போகிறவருக்கே புரிந்துவிடும். வேறு சில இடங்களில் மாற்றம் பல பத்து கிலோமீட்டருக்குப் பரவியிருக்கும். அங்கே கோடு என்பது "இந்த அகலமான இடைப்பகுதிக்குள் எங்கோ" என்று மட்டுமே பொருள்.

கோட்டின் தடிமனையும் கவனியுங்கள். 1987 வரைபடம் 75 லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் அச்சானது. அதில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 7.5 கிலோமீட்டர். அதைத் திரையில் பெரிதாக்கி, "என் நிலம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா" என்று கேட்பது அந்த வரைபடத்தால் தாங்க முடியாத கேள்வி. வழக்கு மன்றம் வரை போகும் சச்சரவுக்கு இந்தக் கோட்டைத் தனி ஆதாரமாக வைக்காதீர்கள். அந்த இடத்தின் மண்ணையும் நீரையும் நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நிலை 1, நிலை 2, நிலை 3, நிலை 4னு போட்டிருக்காங்களே, எதை எடுக்கணும்?

வட அமெரிக்க வரைபடத்தில் உள்ள படிநிலை இது. கண்டம் முழுவதையும் 15 பெரும் மண்டலங்களாகப் பார்ப்பது நிலை 1. அது 50 ஆகப் பிரிந்தால் நிலை 2. நிலை 3 அதைவிட நுணுக்கமானது, நிலை 4 உள்ளூர் அளவுக்கு வரும். அமெரிக்காவில் நிலை 4 வரைபடங்களை இரண்டரை லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் தொகுத்தார்கள். முந்தைய பதிலில் சொன்ன கணக்குப்படி, அதில் ஒரு மில்லிமீட்டர் 250 மீட்டர்.

உங்கள் முடிவு எவ்வளவு பெரியதோ அந்த நிலையை எடுங்கள். நாடு தழுவிய அறிக்கைக்கு நிலை 1 அல்லது 2, மாநில அளவில் தரம் வகுக்க நிலை 3, கண்காணிப்பு இடங்களைத் தேர்ந்தெடுக்க நிலை 4. நுணுக்கமானதே எப்போதும் மேல் என்று நினைத்து நிலை 4க்குப் போகிறவர்கள் பலர். அப்படிப் போனால் ஒவ்வொரு மண்டலத்துக்குள்ளும் இரண்டு மூன்று ஒப்பீட்டு இடங்கள்கூடத் தேறாமல், எண் வகுக்கவே முடியாமல் நிற்பார்கள்.

ஒரே நாட்டுக்கு நாலு வரைபடம் கிடைக்குது. எது சரியானது?

எதற்காக வரைந்தார்கள் என்று பார்த்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். அமெரிக்காவையே எடுங்கள். 1976இல் வனத்துறைக்காக ராபர்ட் பெய்லி வரைந்ததில் மேல் நிலைகளைத் தட்பவெப்பமே தீர்மானிக்கிறது. ஓமர்னிக்கின் வரைபடம் நீரின் தரத்தை மனதில் வைத்து வளர்ந்தது. அதில் எந்தக் காரணிக்கும் நிரந்தர முதலிடம் இல்லை. இரண்டும் ஒரே நிலத்தை வெவ்வேறாகப் பிரிக்கின்றன, இரண்டும் அதனதன் வேலைக்குச் சரி.

இந்தியாவிலும் இப்படித்தான். காட்டுயிர்ப் பாதுகாப்புக்காக 1988இல் முன்வைக்கப்பட்ட உயிர்ப்புவியியல் பிரிப்பில் 10 மண்டலங்கள். திட்டக் குழுவின் வேளாண் தட்பவெப்பப் பிரிப்பில் 15. மண், தட்பவெப்பம், பயிர் வளரும் காலத்தின் நீளம் ஆகியவற்றை வைத்துத் தேசிய மண் ஆய்வு நிறுவனம் செய்த வேளாண் சூழலியல் பிரிப்பில் 20. உலக அளவில் 2001இல் வெளியான நில மண்டல வரைபடத்தில் 867, 2017இல் திருத்தப்பட்டதில் 846. புலி வழித்தடத்துக்குத் திட்டமிடுகிறவர் பயிர்க்கால வரைபடத்தை எடுத்தால் குறை வரைபடத்தில் இல்லை.

ஆற்று வடிநில வரைபடம் இருக்கும்போது இது எதுக்கு?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். இரண்டும் வேறு வேலைக்கானவை. ஓடையில் கலந்த மாசு எங்கிருந்து வந்தது, கீழே யாருக்குப் போய்ச் சேரும் என்று கேட்டால் வடிநிலம் வேண்டும். பெய்யும் நீரெல்லாம் ஓடி ஒரே ஆற்றில் சேரும் நிலப்பரப்பு அது. அந்த ஓடையில் மாசு இல்லாதிருந்தால் நீர் எப்படி இருந்திருக்கும், எந்த மீன்கள் இருந்திருக்கும் என்று கேட்டால் சூழலியல் மண்டலம் வேண்டும்.

பெரிய ஆறு ஒரே வடிநிலமாக இருந்தாலும் பல மண்டலங்களைக் கடக்கிறது. மிசிசிப்பி மின்னசோட்டாவின் காட்டு ஏரிகளில் பிறந்து, மக்காச்சோள நாட்டைக் கடந்து, தெற்கே தாழ்ந்த வண்டல் சமவெளியில் முடிகிறது. மேலே உள்ள சிற்றோடையையும் கீழே உள்ள சிற்றோடையையும் "ஒரே வடிநிலம்" என்று ஒப்பிட்டால் எதுவும் விளங்காது. மறுபுறம், இரு ஓடைகள் ஒரே மண்டலத்தில் அருகருகே பிறந்து வேறு வேறு ஆறுகளில் கலந்தாலும், அவற்றின் நீரும் உயிர்களும் பெரும்பாலும் ஒத்திருக்கும்.

சில நிலங்களில் வடிநிலமே சரியாக அமையாது. நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பகுதியில் பெய்யும் மழையின் பெரும்பகுதி மணலுக்குள் இறங்கிவிடும். சுண்ணாம்புப் பாறை நாட்டில் நீர் நிலத்தடிக் குகைகள் வழியே மேட்டைத் தாண்டிப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போய்விடும். மேற்பரப்பைப் பார்த்து வரைந்த வடிநில எல்லை அங்கே அதிகம் உதவாது.

எல்லாத்தையும் கம்ப்யூட்டர்கிட்ட கொடுத்துட்டா பாரபட்சம் இல்லாம வந்துடுமே?

கணினி நிறைய உதவும். ஜிஐஎஸ் எனப்படும் புவித் தகவல் மென்பொருளில் மழை, உயரம், மண், செயற்கைக்கோள் படம் எல்லாவற்றையும் அடுக்கி, ஒத்த இடங்களைக் குழுவாக்கச் சொல்லலாம். அதே தரவையும் அதே அமைப்பையும் கொடுத்தால் யார் செய்தாலும் அதே விடை வரும், அது பெரிய பலம். ஆனால் எந்தக் காரணிகளைச் சேர்ப்பது, எதற்கு எவ்வளவு எடை, எத்தனை குழு என்பதை ஒரு மனிதர்தான் முடிவு செய்கிறார். பாரபட்சம் நீங்குவதில்லை, முன்னமே எடுத்த முடிவுகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இடத்துக்கு இடம் காரணி மாறும் என்று மேலே சொன்னேனே, எல்லா இடத்துக்கும் ஒரே எடை கொடுக்கும் முறை அதைத் தவறவிடும்.

என் பரிந்துரை: முதல் வரைவைக் கணினி தரட்டும், அந்தப் பகுதியின் மண்ணையும் ஓடையையும் அறிந்தவர்கள் அதைத் திருத்தட்டும், திருத்திய ஒவ்வொரு எல்லைக்கும் காரணத்தை எழுதி வைக்கட்டும்.

எங்க பகுதியில் காடே கிடையாது, எல்லாம் வயலும் கட்டடமும். இன்னும் அது காட்டு மண்டலமா?

ஆம், பெரும்பாலும். மேலே சொன்ன "இயல்பாக வளரக்கூடிய தாவரம்" என்பது இன்று நிற்பதைக் குறிப்பதில்லை. மனிதர் கை எடுத்தால் அந்த மண்ணிலும் மழையிலும் எது வளருமோ அது. காடு போனாலும் அதைத் தாங்கிய மண், பாறை, சரிவு, மழை பெருமளவு அங்கேயே இருக்கின்றன. ஓடையில் இருக்க வேண்டியது என்ன என்பதற்கு இன்னும் அவைதான் அடிப்படை. அதே நேரம் நிலப் பயன்பாடும் ஒரு சான்று. ஓர் எல்லையில் கோதுமை வயல் முடிந்து மேய்ச்சல் நிலம் தொடங்கினால், உழவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணைச் சோதித்துப் பார்த்த முடிவு அது.

நீர்த் தரம் தவிர வேற எதுக்குப் பயன்படுது?

பாதுகாக்கப்பட்ட நிலங்களைத் தேர்வு செய்ய. ஆஸ்திரேலியா தன் நிலத்தை 89 உயிர் மண்டலங்களாகவும் 419 துணை மண்டலங்களாகவும் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு பாதுகாப்பில் இருக்கிறது என்று கணக்கிடுகிறது. யாருக்கும் வேண்டாத பாறை மலைகளைப் பூங்காக்களாக அறிவிப்பது எங்கும் எளிது. செழிப்பான சமவெளிகள் விட்டுப்போவதை இந்தக் கணக்கு வெளியே கொண்டுவருகிறது.

விதைத் தேர்விலும் பயன்படுகிறது. அமெரிக்காவில் மறுநடவுக்கான தற்காலிக விதை மண்டலங்களைத் தட்பவெப்பத்தையும் நிலை 3 மண்டலத்தையும் சேர்த்து வகுத்திருக்கிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும், தொலைவில் இருந்து கொண்டுவந்த புல் விதை இங்குள்ள குளிருக்கும் வறட்சிக்கும் பழகியதாக இருக்காது.

கடலுக்கும் நன்னீருக்கும் இதே மண்டலம்தானா?

இல்லை. கரையோர, ஆழமற்ற கடல்களுக்கு 2007இல் 232 மண்டலங்கள் கொண்ட வரைபடமும், நன்னீருக்கு 2008இல் 426 மண்டலங்கள் கொண்டதும் வெளியாகின. நன்னீர் வரைபடத்தில் மீன்களின் பரவலே முதன்மை. மீன் மேட்டைத் தாண்டிப் போகாது என்பதால் அதில் வடிநில எல்லைகள் நிறைய வரும்.

இந்த மண்டலங்கள் உண்மையிலேயே உயிர்களோடு பொருந்துதான்னு யாராவது சோதிச்சாங்களா?

சோதித்தார்கள். ஒஹையோ, ஆர்க்கன்சா போன்ற மாநிலங்களில் 1980களில் ஓடைகளில் மீன்களையும் நீரின் வேதியியலையும் ஆராய்ந்து பார்த்ததில் மண்டல வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. பிறகு 2000இல் ஓடைப் பூச்சிகளைப் பற்றி வெளியான ஆய்வுத் தொகுப்பு கொஞ்சம் நிதானம் சொன்னது: மண்டலம் தற்செயலைவிட நன்றாகவே விளக்குகிறது, ஆனால் விளக்கும் பங்கு சிறியது. ஓடையின் அளவு, சரிவு, அடியில் கல்லா வண்டலா என்பவையும் முக்கியம்.

ஆகவே மண்டலத்தை மட்டும் வைத்து ஓடையை மதிப்பிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் தன் நாடுகளின் நீர்நிலைகளுக்காக 2000ஆம் ஆண்டு கொண்டுவந்த நீர்ச் சட்டக ஆணை ஒரு வழி காட்டுகிறது. அதன் ஒரு முறையில் ஆறுகளும் ஏரிகளும் முதலில் 25 மண்டலங்களாகப் பிரிகின்றன. ஆறுகளுக்கு அப்புறம் உயரம் (200 மீட்டருக்குக் கீழ், 200 முதல் 800 வரை, அதற்கு மேல்), நீர்ப்பிடிப்பின் பரப்பு, பாறை வகை என்று உட்பிரிவு. ஒரே உட்பிரிவில் உள்ள ஆறுகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

காலநிலை மாறிட்டே இருக்கு. கோடும் நகருமா?

பாறையும் நிலத் தோற்றமும் நகராது, மண் மெதுவாக மாறும், தாவரமும் விலங்குகளும் வேகமாக நகரும். அதனால் தட்பவெப்பத்தை அடிப்படையாக வைத்த எல்லைகள் முதலில் ஆடும். பாறையை ஒட்டிய எல்லைகள் நிற்கும். மேலே சொன்னபடி ஒவ்வொரு எல்லைக்கும் காரணத்தை எழுதி வைத்திருந்தால், எந்தக் கோட்டை மறுபடி சோதிக்க வேண்டும் என்று உடனே தெரியும்.

அவசரப்பட்டு ஆண்டுதோறும் கோட்டை நகர்த்துவதை நான் ஆதரிக்கவில்லை. ஒப்பிட ஒரு நிலையான சட்டகம் இருந்தால்தான் மாற்றத்தையே அளக்க முடியும். அறிக்கைகளில் எந்த ஆண்டின் வரைபடம் என்று கட்டாயம் குறிப்பிடுங்கள்.

எங்க ஆற்றுப் பகுதிக்கு நுணுக்கமான வரைபடம் இல்லை. நாங்களே போடலாமா?

தாராளமாக. முதலில் எதற்காக என்று ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். அப்புறம் மண், நிலவியல், உயரம், மழை, நிலப் பயன்பாடு ஆகிய வரைபடங்களை ஒரே அளவில் திரட்டுங்கள். ஒன்று மட்டும் மிக நுணுக்கமானதாக இருந்து, மற்றவை மேலோட்டமாக இருந்தால் கோடு பொய்யான துல்லியம் காட்டும். மேலே உள்ள பெரிய மண்டல எல்லைக்குள் உங்கள் பிரிவுகள் அடங்குகின்றனவா என்று பாருங்கள். அடங்காவிட்டால் அந்த இடத்தைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும்.

களத்துக்குப் போகும்போது உத்தேச எல்லைக்குக் குறுக்காகப் போங்கள், அதை ஒட்டிப் போகாதீர்கள். சாலைக்காக வெட்டிய மேட்டில் மண்ணின் நிறமும் கல்லும், கிணற்றில் நீர் மட்டம், ஓடையின் அடியில் கூழாங்கல்லா சேறா, வேலியோரம் தானாக முளைத்த செடிகள், இவற்றை ஒவ்வொரு நிறுத்தத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேயே மீன் பிடிக்கிறவரையும் உழுகிறவரையும் கேளுங்கள். மாற்றம் ஓரிரு கிலோமீட்டருக்குள் நடந்தால் தொடர் கோடாகவும், நீண்டு பரவினால் புள்ளிக் கோடாகவும் வரையுங்கள். வரைபடத்தோடு, எந்தக் கோடு எதனால் வந்தது என்ற குறிப்பையும் சேர்த்தே கொடுங்கள்.